சீகைமேட்டின் கூடுதல் பிள்ளை

சீகைமேடு காலனியில் பிள்ளைகளை எண்ணினால் எப்போதும் ஒன்று கூடுதலாக வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் எட்டுப் பேர் குரல் கொடுப்பார்கள். தலையை எண்ணினால் ஒன்பது இருக்கும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாலும் எல்லாம் தெரிந்த முகமாகத்தான் இருக்கும், இது இன்னார் மகள், அது இன்னார் மகன் என்று. கடைசியில் பார்த்தால் விரல் மட்டும் ஒன்று அதிகமாக மடங்கியிருக்கும். கேத்திப் பள்ளத்தாக்குக்கு மேலே, பழைய தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகள் இருந்த சரிவை வாங்கி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்கள் இருபத்திரண்டு பேர் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்தே இப்படித்தான். சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கினால் ஒன்று சேர்த்து வாங்குவார்கள். பள்ளி வேன் ஓட்டும் ஆறுக்குட்டி ஒன்பது எண்ணிய பிறகுதான் வண்டியை எடுப்பார். மேட்டில் வாரத்துக்கு நாலு நாள் மூடுபனி, ரெண்டு நாள் காட்டுமாடு. அதோடு இதுவும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

உமாராணி இதைத் தெரிந்துகொண்டுதான் அங்கே குடிவந்தாள். அவள் கணவன் ராமகிருஷ்ணன் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். குவார்ட்டர்ஸில் ஒன்பது வருடம் இருந்தார்கள். ஒரே மகள் ஜீவிதாவுக்கு ஏழு வயதானபோது, இனி சொந்த வீடு என்று கிளம்பினார்கள். உமாராணி கேட்டது இரண்டே இரண்டு: நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும், பிள்ளை ஓடி விளையாட மரமும் ஓடையும் இருக்க வேண்டும். ஊட்டியில் சீசன் வந்தால் பால் வாங்கப் போகக்கூட வழி கிடைக்காது. குன்னூரில் பார்த்த பள்ளியில் பந்து உருட்ட இடமில்லை. கோயம்புத்தூருக்கு வா என்று மாமனார் வீட்டில் கூப்பிட்டார்கள்; மண்டையைப் பிளக்கிற வெயிலுக்கு யார் போவது? பள்ளியை எடைபோட அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கடைசி மணி அடிக்கும்போது வாசலில் நின்று, வெளியே வரும் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைப் பார்ப்பாள். நிறைந்தபடியே திரும்பி வந்தால் கழிப்பறைக்குப் பயந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவில்லை என்று அர்த்தம். கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் பள்ளி வேண்டாம். சீகைமேட்டுக்குக் கீழே இருந்த பள்ளியில் அத்தனை பாட்டிலும் காலியாக வந்தது. அதோடு மாதம் ஒரு முறை பிள்ளைகளைச் சோலைக்காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துவதாகவும் சொன்னார்கள். அன்றே வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள்.

காலனிச் செயலாளர் ஜெகதீசன் சாவியைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். "தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாளைக்குத்தானுங்க வரும். காட்டுமாடு வந்தா டார்ச் அடிக்காதீங்க. அப்புறம் புள்ளைகள எண்ணுனா ஒண்ணு சாஸ்தியா வருமுங்க, அதப்பத்தி ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க." உமாராணி தண்ணீரைப் பற்றித்தான் இரண்டு கேள்வி கேட்டாள். கீழே மிச்சமிருந்த லைன் வீட்டில் குடியிருந்து தேயிலை பறித்த கருப்பம்மாள் மட்டும் ஒரு கதை சொல்வாள். எஸ்டேட்டை மூடிய வருடம் லைன் சனங்களை லாரியில் ஏற்றி அனுப்பியபோது, பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வண்டியை எடுத்தார்களாம். எண்ணிக்கை சரி, பிள்ளைகள்தான் சரியில்லையாம். வேறு லைனின் பிள்ளை ஒன்று இதில் ஏறியிருந்ததாம், இந்த லைனின் பிள்ளை ஒன்று கீழே நின்றிருந்ததாம். கருப்பம்மாள் ஒரு வருடம் சொன்ன கதையை மறு வருடம் மாற்றிச் சொல்கிறவள் என்பதால் யாரும் காது கொடுக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஜூலையில், ஒரு வியாழக்கிழமை, காலனி வேனோடு காட்டு வகுப்புக்குப் போனது லிஜி டீச்சர். கூடலூர் பக்கத்து மலையாளப் பெண், வேலைக்கு வந்து ஒரு மாதம்தான். ரெஜிஸ்டரில் எட்டுப் பேரும் வண்டியில் ஒன்பது தலையுமாக அந்த ஒரு மாதமும் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. அன்று மதியம் பனி இறங்கியதும் பிள்ளைகளை அவசரமாக வண்டியில் ஏற்றி எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டுதான். ஒரு மாதத்தில் முதல் தடவையாகக் கணக்கு ஒத்துவந்ததில் மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டாள். பனியில் கத்திக் கூப்பிட்டால் காட்டுமாடு மிரளும் என்று பேர் வாசிக்கவில்லை. ஆறுக்குட்டிக்கும் ஒன்று குறைவது தெரிந்தது. அந்தக் கூடுதல் பிள்ளை காட்டிலிருந்து வந்தது, காட்டிலேயே நின்றுவிட்டது, விட்டது சனியன் என்று கியரைப் போட்டார்.

மூன்றரை மணிக்கு ஜீவிதா வீட்டு வாசலில் இறங்கினாள். ஷூவைக் கழற்று என்று உமாராணி உப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். ஜூலையில் சோலைக்குள் போய் வந்த பிள்ளைக்கு அட்டை எடுப்பதுதான் தாய்மாருக்கு முதல் வேலை. சாக்ஸை உருட்டினாள். கணுக்காலில் ஒன்றுமில்லை. விரலிடுக்கில் இல்லை. முழங்கால் மடிப்பில் இல்லை. அடுத்த வீட்டில் பையன் அட்டைக்கு அலறுவது கேட்டது. இந்தக் காலில் ஒரு சிவந்த புள்ளிகூட இல்லை. மழையில் வந்த கால் ஈரமில்லாமல், கதகதப்பும் இல்லாமல் இருந்தது. ரத்தம் இருக்கிற காலை அட்டை விடாது. உமாராணி உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். மூக்கு, மச்சம், முன்பல் எல்லாம் ஜீவிதாதான்.

"எம்புள்ள எங்க?" என்றாள்.

அது தலையைக் குனிந்துகொண்டது.

"நீ யாரு கண்ணு? உம் பேரென்ன?"

"பேரு இல்லீங்க" என்றது.

உமாராணி அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஜெகதீசன் பிள்ளையைப் பார்த்தார், பேப்பரை மடித்தார், "ஜீவிதா உங்க கையிலதான இருக்கறா, தாயி?" என்றார். ஆறுக்குட்டி எட்டுப் பேரை இறக்கிவிட்டதாகச் சாமி மேல் சத்தியம் செய்தார். வேலை முடிந்து வந்த ராமகிருஷ்ணன் வழியிலேயே அவளை நிறுத்தினான். அவன் நல்ல மனிதன், ஆனால் இருபது வருடம் டோக்கனோடு வாழ்ந்தவன். தொழிற்சாலை வாசலில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன். உள்ளே போகும்போது பலகையிலிருந்து எடுக்க வேண்டும், வெளியே வரும்போது ஆணியில் மாட்ட வேண்டும். எல்லா ஆணியும் நிறைந்திருந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு ஆணி காலியாக இருந்தால் ஊரே திரண்டு தேடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற சனம் அது.

"எட்டுப் பேரு போனாங்க, எட்டுப் பேரு வந்தாங்க. அப்புறம் யாரத் தேடச் சொல்ற, உமா?" என்றான்.

"ஏனுங்க, இது நம்ம புள்ள இல்லீங்க."

அவன் பிள்ளையின் தலையைத் தடவினான். அவன் கண்ணுக்கு அது ஜீவிதா. அவனைத் திட்டி என்ன பயன்? பனி அடர்ந்துகொண்டே வந்தது, ஐந்தரைக்கு மேல் சோலையில் கை நீட்டினால் கை தெரியாது. பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளை மேல் உமாராணிக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளியிருப்பாள். அதுவோ அவள் விரலை விடவேயில்லை. அவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் கூடவே ஓடிவந்தது. அப்போதுதான் அவளுக்குப் பட்டது: ஆணி ஒன்று காலியானால்தான் இந்தச் சனம் அசையும்.

பள்ளியைப் பூட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். லிஜி டீச்சர் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். "சேச்சி, ரெஜிஸ்டர்ல எட்டு, வண்டியில எட்டு. பின்ன என்ன?" என்றாள்.

"ரெஜிஸ்டர்ல ஒம்போதுங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க. சின்னவ பேரு விட்டுப்போச்சு, எழுதுங்க."

"பர்த் சர்டிபிகேட் இல்லாம எப்படி சேச்சி?"

"அப்புறம் தாரேன். இப்ப பேர எழுதுங்க."

என்ன பேர் என்று டீச்சர் கேட்டபோது உமாராணி யோசிக்கவே இல்லை. அவள் பிறந்த ஊரில், பெற்ற பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி ஒரே பேர்தான் வைப்பார்கள். அந்தப் பேர் வைத்த பிள்ளையை எமனும் தொட மாட்டான், எங்கேயும் போகவும் விட மாட்டார்கள். மூக்கம்மா என்றாள். மூன்றாம் வகுப்பு, தகப்பன் பேர் ராமகிருஷ்ணன், தாய் பேர் உமாராணி. டீச்சர் மை காய ஊதிவிட்டுப் பக்கத்தைப் பார்த்தாள். ஒன்பது பேர். வண்டியில் ஏறியது எட்டு. அவள் முகம் வெளுத்துப் போனதை உமாராணி பார்த்தாள். வராதது ஜீவிதா என்று டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. உமாராணியின் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் அதே நிமிடம் ஜீவிதாவின் சாயல் போய்விட்டது. சுருட்டை முடியும் மேடிட்ட நெற்றியுமாக வேறு ஒரு பிள்ளை நின்றது.

பள்ளி மணியை விடாமல் அடித்தார்கள். ஒன்று குறைகிறது என்று கேட்டதும் இருபத்திரண்டு வீட்டு ஆண்களும் டார்ச்சும் கயிறுமாகக் கிளம்பினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ராமகிருஷ்ணன் செருப்பில்லாமல் முன்னால் ஓடினான். முக்கால் மணி நேரத்தில் ஓடைக்கு மேலே ஜீவிதாவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு நாவல் மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாலாயிரத்து எண்ணூறைத் தாண்டியிருந்தாள். கண்ணாமூச்சி ஆடலாம், கூப்பிடும்வரை எண்ணு என்று ஒரு பிள்ளை சொன்னதாம். கூப்பிட யாரும் வரவில்லையாம். காலில் பதினேழு அட்டை இருந்தது. உமாராணி ஒவ்வொன்றாக எடுத்தாள், ரத்தம் வரவர அவளுக்கு உயிர் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் பேரை அடித்துவிடலாமா என்று டீச்சர் கேட்டாள். உமாராணி கதவோரம் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். செய்த வேலைக்கு அதை மன்னிக்க அவளுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஆனால் தன்னைத் தேட யாரும் வராத பிள்ளை வேறு எந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டிருக்கும்? இருக்கட்டும் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை குன்னூரில் ஆசாரியிடம் மூக்குக் குத்தினார்கள். ரத்தம் வரவில்லை, பிள்ளை அழவுமில்லை. ராமகிருஷ்ணன் முதலில் சோறு தின்னும்போது அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பிறகு அதற்கும் முட்டையை உரித்துக் கொடுத்தான். இரவில் அதன் போர்வைக்குள் குளிர் தங்கிவிடும் என்பதால் தவிட்டுப் பை சூடாக்கி வைப்பார்கள். ஜீவிதா நான்காவது போனாள், ஆறாவது போனாள், பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தாள். மூக்கம்மா மூன்றாவதிலேயே இருந்தாள். ஒவ்வொரு ஜூனிலும் புது நோட்டு, புது அட்டை, அதே வகுப்பு.

ராமகிருஷ்ணன் ஓய்வு பெற்றதும் மலைக்குக் கீழே அன்னூரில் போய் இருக்கலாம் என்றான். ஒரு தடவை மூக்கம்மாவை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பியும் பார்த்தார்கள். பஸ் பர்லியார் தாண்டியதும் உமாராணியின் மடி லேசாகிக்கொண்டே வந்தது. மலையடிவாரத்துக் கல்லாறு வந்தபோது மடியில் வெறும் பாவாடை சட்டை கிடந்தது. அங்கேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். மேட்டில் மூக்கம்மா காலனி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

போன ஜூனில் உமாராணிக்கு முழங்கால் வீங்கி இறக்கத்தில் கால் வைக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிற ஜீவிதா லீவு போட்டுவிட்டு வந்து, மூக்கம்மாவைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனாள். புது டீச்சர் ஒரு தாளை நீட்டினாள். பிள்ளைக்கு நீங்கள் என்ன உறவு என்ற இடத்தில் ஜீவிதாவின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அக்கா என்று இந்த வருடம் எழுதலாம். அம்மாவுக்கு அப்புறம், இருபது வருடம் கழித்து, நரைத்த தலையோடு வந்து நின்று யாரென்று எழுதுவது?

வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அம்மானு எழுதிட்டம்மா" என்றாள்.

உமாராணி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சரியாத்தான் எழுதியிருக்கற" என்றாள்.