எல்லாரும் சொன்ன பன்னிரண்டு

“இருபத்திரண்டு” என்று பூட்டு வீட்டுக்காரி சொன்னாள். கேள்விக்காரி கையிலிருந்த டேப்லெட்டில் அந்த எண்ணைத் தட்டியதும் கட்டம் சிவந்தது. ‘வழக்கத்துக்கு மாறான பதில். உறுதி செய்யவும்’ என்று கீழே ஒரு வரி வந்து நின்றது. அது அவளுக்குப் புதிதல்ல. பதினாறுக்கு மேல் எந்த எண்ணைப் போட்டாலும் அந்தக் கட்டத்துக்கு இப்படித்தான் மூக்கின் மேல் கோபம் வரும். இருபது என்று நினைக்கிறவர்களும் ஊரில் இருப்பார்கள் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

கேள்விக்காரி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். மத்திய வங்கியின் குழு வட்டி விகிதத்தை முடிவு செய்ய இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூடும். அதற்கு முன்னால் அவள் வீடு வீடாக ஏறி இறங்குவாள். அடுத்த வருஷம் இதே நேரத்துக்கு விலைவாசி நூற்றுக்கு எத்தனை ஏறும் என்று நினைக்கிறீர்கள்? இந்த ஒரே கேள்வியைத்தான் பத்து விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்பாள். ஜனங்கள் சொன்னதெல்லாம் சேர்ந்து சராசரியாகி, ஒற்றை எண்ணாகக் குழுவின் மேஜைக்குப் போகும். அவள் வங்கி ஊழியர் அல்ல, வங்கிக்காகக் கணக்கெடுக்கும் நிறுவனத்தில் ஒப்பந்தக்காரி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். புருஷன் வேலை செய்த அச்சகம் மூடிய பிறகு, மூன்று பேர் சாப்பிடும் அந்த வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது.

இந்தப் பின்பக்க வீடு பட்டியலில் ஏழாவது. ஒரு வருஷமாக, ஆறு சுற்றிலும் அவளுக்கு இதன் பூட்டை மட்டும்தான் தெரியும். ஓரம் தேய்ந்த பித்தளைப் பூட்டு. இரண்டு தடவை வந்து பார்த்தும் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்பது விதி. அவளும் விதிப்படியே காலையில் பதினொன்றுக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்றுக்கு ஒரு தடவை வந்து பார்த்து, ‘பூட்டு’ என்று குறித்துவிட்டு முன்வீட்டு மணியை அடிப்பாள். பகல் முழுக்க வேலையில் இருக்கிறவள் பதினொன்றுக்கும் இருக்கமாட்டாள், மூன்றுக்கும் இருக்கமாட்டாள் என்பது ஒரு வருஷமாக அவள் மண்டையில் ஏறவில்லை. முன்வீட்டில் ஓய்வுபெற்ற வரி அலுவலர் மின்விசிறியைச் சுழலவிட்டு, டீ கொடுத்து, பேப்பரில் படித்ததை அப்படியே ஒப்பிப்பார். “ஆறரை. எழுதிக்கோங்கம்மா.” ஆறு சுற்றும் ஆறரைதான். டெபாசிட்டுக்கு வட்டி ஏறினால் தேவலை என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார். நல்ல மனிதர். இன்று அவர் வீட்டில் குடையை மறந்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடையை எடுக்க வந்தபோதுதான் பின்பக்கம் பூட்டு இல்லாததைப் பார்த்தாள்.

பூட்டு வீட்டுக்காரிக்கு முப்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இருந்த ஒரே நாற்காலியைக் கேள்விக்காரிக்குப் போட்டுவிட்டுத் தான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“எப்படிம்மா இருபத்திரண்டு?” படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

“பெரிய பாட்டில் வாங்குறவங்களுக்கு ஒரு வெல அக்கா, எங்களுக்கு ஒரு வெல. எண்ணெய், சோப்பு எல்லாம் நான் சின்னப் பாக்கெட்டுதான். வெல அப்படியே நிக்கும், பாக்கெட்டு மட்டும் எளச்சுக்கிட்டே போகும். முன்னெல்லாம் ஒரு பாக்கெட்டு நாலு நாளைக்கு வந்துச்சு, இப்ப மூணு நாளுதான். பஸ் டிக்கெட் ஏறிடுச்சு. வாடகைய வேற அஞ்சுல ஒரு பங்கு ஏத்திட்டாரு.”

“யாரு?”

“முன்வீட்டு ஐயாதான். வேற யாரு?”

கேள்விக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக இந்தப் பெண்ணின் பதிலை அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறரை என்றபடியே வாடகையை நூற்றுக்கு இருபது ஏற்றியிருக்கிறார்.

சிவப்புக் கட்டம் காத்திருந்தது. இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு வந்தால் பன்னிரண்டு. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, ஊரில் கணக்கெடுக்கிற அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். சிவந்த படிவத்தை மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால்தான் கூலி. ஒரு சுற்றில் மூன்று சிவந்தால் ‘தரக்குறைவு’ என்று பெயருக்கு நேராகப் போட்டு ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்கள். பன்னிரண்டு என்றால் கட்டம் சிவக்காது, பதில் சொன்னவரின் பயத்துக்கும் ஒரு மரியாதை கொடுத்த மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குக் கேள்விக்காரியே அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அது பொய் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, தைக்கிறபோது ஓரத்தை மடிக்கிற மாதிரிதான். விரல் தன்பாட்டுக்கு இருபத்திரண்டை அழித்து, பன்னிரண்டுக்கு முதலில் ஒன்றைத் தட்டியது.

“அக்கா, நான் இருபத்திரண்டுன்னுல்ல சொன்னேன்?”

பூட்டு வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாக அகப்பட்ட கேள்விக்காரிக்கு முகம் சுட்டது. மறைக்க மனம் வரவில்லை. சிவப்பு, மூன்று, தரக்குறைவு, பன்னிரண்டு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தப் பெண் கேட்டு முடித்து, வாளியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

“நாங்க கூடச் சொன்னா வட்டி ஏறுமா?”

“ஏறலாம். உன் ஒருத்தியால ஏறாது. நிறையப் பேர் சொன்னா ஏறலாம்.”

“வீட்டு முன்பணத்துக்கு லோன் வாங்கியிருக்கேன். வட்டி ஏறுனா தவணையும் ஏறும்.”

“அப்ப குறைச்சுப் போட்டுடட்டுமா? நீயே சொல்லு.”

“வேணாங்க்கா. ஏறுனா ஏறட்டும், சமாளிச்சுக்குவேன். என்னய யாரும் இதெல்லாம் கேட்டதே இல்ல. கேட்டுட்டு மாத்தி எழுதுனா, கேக்காததே மேலு.”

கேள்விக்காரி மறுபடி இருபத்திரண்டு என்று தட்டி ‘உறுதி’யை அழுத்தினாள். நன்றி சொல்ல வேண்டும் என்றிருந்தது, எதற்கு என்று பிடிபடவில்லை. குடையை மறந்ததற்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, அதை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் சாயங்காலங்களில் அலைந்தாள். பட்டியலில் ‘பூட்டு’ என்றிருந்த வீடுகளில் வேறு இரண்டு திறந்தன. ஒன்றில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், பத்தொன்பது என்றார். மற்றொன்றில் கடையில் நாள் முழுக்க நின்றே விற்கிற ஒரு பெண், வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து என்றாள். மூன்று சிவப்பு ஆகிவிட்டது. வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் ஒப்பந்தத் தாளை எடுத்துக் கடைசித் தேதியைப் பார்த்தார். இன்னும் பதினோரு நாள் இருந்தது.

மேற்பார்வையாளருக்குக் கணக்கெடுப்பவர்கள் வைத்திருந்த பெயர் சராசரி சார். கொடுமைக்காரர் அல்ல, அவருக்கு மேலேயும் ஆள் இருந்தார்கள். அன்று போனில் அவர் குரல் கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

“என்னம்மா, மூணு செவப்பு? வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்திடுங்க. எல்லாரும் போடுறததான் உங்களையும் போடச் சொல்றேன்.”

“அவங்க சொன்னத நான் எப்படி சார் திருத்துறது?”

“இத்தனை நாள் எப்படித் திருத்துனீங்க?”

அவள் போனை வைத்தாள், மூன்று படிவத்தையும் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போனபோது டீ அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஆளுங்கட்சிக்காரர், மக்கள் ரொம்பப் பயப்படவில்லை, கணக்கெடுப்பே சொல்கிறது என்றார். எதிர்க்கட்சிக்காரர், பயத்தில்தான் இருக்கிறார்கள், அதையும் கணக்கெடுப்பே சொல்கிறது என்று மேஜையைத் தட்டினார். இருவரும் நீட்டியது போன சுற்று அறிக்கையின் ஒரே தாளை. அதில் எத்தனை பன்னிரண்டு தன் விரல் போட்டது என்று கேள்விக்காரி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

கணக்கெடுப்பவர்கள் பதினான்கு பேரையும் பெரிய அறைக்கு அழைத்தார்கள். மத்திய வங்கியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். சுவரில் ஒரு படம் காட்டினார். ஒவ்வொரு எண்ணையும் எத்தனை பேர் சொன்னார்கள் என்று சின்னதும் பெரிதுமாகக் கம்பங்கள் வரிசையாகப் போக, பன்னிரண்டில் மட்டும் ஒரு கம்பம் தனியாக எழும்பி நின்றது.

“இந்த ஊர் ஜனங்களுக்குப் பன்னெண்டு மேல மட்டும் அப்படி என்னங்க பிரியம்?”

எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். சராசரி சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கேள்விக்காரிக்கு வீட்டிலிருக்கிற ஒப்பந்தத் தாள் ஞாபகத்துக்கு வந்தது, பதினோரு நாளில் நான்கு ஓடிவிட்டது ஞாபகத்துக்கு வந்தது, வாளிமேல் உட்கார்ந்திருந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். எழுந்து நின்றாள்.

“அது ஜனங்க சொன்னதில்லீங்க மேடம். நாங்க போட்டது. எத்தனையோ நான் போட்டிருக்கேன்.”

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மூணு சிவப்பு அனுப்புனது நீங்கதானா? நேத்து அந்த மூணு வீட்டுக்கும் நானே போன் போட்டேன். சலவைக்கூடத்துல மெஷின் சத்தத்துக்கு நடுவுல ஒருத்தங்க பதினெட்டு நிமிஷம் பேசுனாங்க. பாக்கெட்டு எளைக்கிறதப் பத்தி.” அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “ஒன்பது வருஷமா இந்த எண்ண வெச்சுதான் அறிக்கை எழுதிக் குடுக்குறேன். இந்த எண்ணுக்குள்ள இருக்குற ஆளோட பேசுனது நேத்துதான். ஒரு வார்த்த கேட்டேன், எதுக்கு இவ்வளவு நேரம் பொறுமையா சொல்றீங்கன்னு. எங்கக்கா மாத்தாம எழுதுனாங்க மேடம், அதான்னு சொன்னாங்க.”

கேள்விக்காரிக்குக் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. வேலை போகும், போகட்டும் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. அவளைத் தெரியாத ஒருத்தி, அவள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, எங்கக்கா என்று சொல்லியிருக்கிறாள்.

வேலை போகவில்லை. தலைமேல் தூக்கி வைத்தும் கொண்டாடவில்லை. ஒப்பந்தத்தை அடுத்த ஒரு சுற்றுக்கு மட்டும் நீட்டினார்கள். பழைய பன்னிரண்டுகளுக்காகப் போன சுற்றின் கூலியைப் பதினான்கு பேருக்கும் பாதியாகக் குறைத்தார்கள். அதற்காக இரண்டு பேர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். சிவப்புக் கட்டம் மட்டும் எடுக்கப்பட்டது. பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் ஒரு தடவையாவது போக வேண்டும் என்று விதியில் ஒரு வரி ஏறியது. அதற்குத் தனிக் கூலி கிடையாது. சராசரி சார் ரகசியமாக அவள் மேஜையில் ஒரு டார்ச் லைட்டை வைத்துவிட்டுப் போனார்.

குழு கூடி, வட்டியைக் கால் சதவீதம் ஏற்றியது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘பகலில் பூட்டியிருக்கும் வீடுகளின் எதிர்பார்ப்பு வேறாக உள்ளது’ என்று ஒரு குறிப்பு இருந்தது. டிவிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் ஊரெல்லாம் பூட்டிய வீடு பற்றித்தான் பேச்சு. ஒருவர் பூட்டிய வீடுகள் கற்பனை என்றார், இன்னொருவர் எங்கள் ஆட்சி வந்தால் பூட்டிய வீடே இருக்காது என்றார். கேள்விக்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

அடுத்த சுற்றில், சாயங்காலம் ஐந்தரைக்கே அவள் போய்விட்டாள். முன்வீட்டுக்காரர் வாசலில் வழிமறித்து, இரண்டு மாதமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த குடையை நீட்டினார்.

“டிவில சொல்றாங்களேம்மா, பூட்டுன வீடுன்னு. யாரு அவங்க? உங்களுக்குத் தெரியுமா?”

“பதில் சொன்னவங்க யாருன்னு வெளில சொல்லக்கூடாதுங்க ஐயா. விதி அது.”

“அதுவும் சரிதான். எங்கயோ கஷ்டப்படுறாங்க, பாவம்.” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “எனக்குக் கால் சதவீதம் கூடக் கிடைக்குது, அதுவரைக்கும் சந்தோஷம்.”

அவள் பின்பக்கம் போய்ப் படியில் உட்கார்ந்தாள். பூட்டு தொங்கியது. இந்த நேரத்துக்குப் பேச வேண்டியதை அவள் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். தவணை ஏறியிருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மன்னிப்பா, நன்றியா, எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. பூட்டு வீட்டுக்காரி இரண்டு கையிலும் பையோடு, வாயில் சாவிக்கொத்தைக் கவ்விக்கொண்டு வந்தாள். இவளைப் பார்த்ததும் சிரித்ததில் சாவி கீழே விழுந்தது.

“தவணை ஏறிடுச்சாம்மா?”

“ஏறாம? அது கெடக்குதுக்கா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம கூடுதலா வேல பாக்குறேன்.” அவள் குனிந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். “அந்த மேடம்கிட்ட சொல்லுங்க, பாக்கெட்டு இன்னும் எளச்சுப்போச்சு.”

“சொல்றேன். உனக்கு நான்...” கேள்விக்காரி படியிலிருந்து எழுந்தாள். “நன்றிம்மா.”

“எனக்கெதுக்கு? நீங்கதான வந்து ஒக்காந்திருக்கீங்க. இதக் கொஞ்சம் புடிங்க, பைய உள்ள வெச்சுட்டு வரேன்.”

கழற்றிய பூட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் உள்ளே போனாள். விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ நகர்த்துகிற சத்தம் கேட்டது, நாற்காலியாக இருக்கும். ஒரு வருஷமாக வெளியே நின்று பார்த்த பூட்டு, பகல் வெயிலின் சூடு இன்னும் இறங்காமல், உள்ளங்கையில் கனமாக இருந்தது. கேள்விக்காரி டேப்லெட்டைத் திறக்காமல் அதை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலில் நின்றாள்.