கம்பியைக் கட்டிய துணி

பேச்சை எழுதித் தந்தவன் தம்பி. எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே நிறுத்தி மூக்கைச் சிந்த வேண்டும் என்றுகூட ஓரத்தில் குறித்திருந்தான். சலவை ஆலையில் விரிப்பு மடிக்கிறவனுக்கு இத்தனை நாடகம் எங்கிருந்து வந்ததோ! அக்காவுக்குத்தான் அழுகை வரவில்லை. வீட்டுக்காரர் போய் ஒரு மாதமாகியும் பொட்டுக் கண்ணீர் இல்லை. பல் பிடுங்கிய தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இழுத்துத் தேய்க்கும் பெரிய உருளை மெஷின் ஒன்று உண்டு. அதன் வாயருகே ஒரு கம்பி. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். விரிப்பின் முனை பட்டாலும் நின்று தொலைக்கும். வேலை ஓடவில்லையே என்று ஆட்களே கிழிந்த தலையணை உறையால் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் இருந்தார். அவள் புருஷனை இழுத்துக்கொண்டது அந்த மெஷின்தான். துணியை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வைக்கத்தான் ஆலைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு.

சமையலறையில் ஒத்திகை நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும் என்று கிளம்பிப் போனார்கள்.

"பாத்தியாக்கா? கூட்டத்துல ஒருத்தர் பாக்கியில்லாம அழுதுடுவாங்க!"

"அழுதுட்டு?"

"அழுதுட்டுன்னா?"

"பாரம் இறங்கிடும்டா. எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவாங்க. மாமா சாவுக்கும்தான் எல்லாரும் அழுதாங்க. மறுநாள் அதே மெஷினை ஓட்டலையா?"

அவள் பேனாவை எடுத்தாள். கல்யாணக் கதை, அவர் அடித்த ஜோக்குகள், அப்பா எங்கே என்று மகள் கேட்டது, எல்லாவற்றையும் வெங்காயம் நறுக்குவதுபோல் அடித்துத் தள்ளினாள். நெஞ்சு துளியும் அசையவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வியை எழுதினாள்.

அதைப் படித்த தம்பி, "இது மட்டும் வேணாமேக்கா" என்று இழுத்தான். அவன் எழுதியதை அடித்துவிட்ட கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில். ஆட்கள் கைக்குட்டையோடு தயாராக வந்திருந்தார்கள்.

"அவரைப் பத்திப் பேச வரலை. போனவர் போயிட்டார். நாளைக்குக் காலையில அந்த மெஷின்ல நிக்கப்போறது யாரு?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சுவரோரம் தம்பி நின்றிருந்தான். தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

ஒரு மாதம் கழித்து முதல்முறையாக அவள் பயந்தாள்.

"எப்போலேருந்துடா?"

"மாமா போன மறுநாள்லேருந்து. சொன்னா நீ வேலைய விடச் சொல்லுவே."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு மெஷின் இருந்த கூடத்துக்கு நடந்தாள். நீராவி பட்டுப் பட்டுத் துணியின் முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்கப் பார்த்ததில் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"வேணாம்மா, நாளைக்கு வேலை பாதிகூட ஓடாது" என்றபடி பின்னாலேயே வந்தார் சூப்பர்வைசர்.

அவர் முதுகுக்குப் பின்னால், சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் தள்ளும்மா" என்றாள் தையல் பிரிவுப் பெண் ஒருத்தி, கத்தரிக்கோலோடு. "ஓடாட்டி போகட்டும்."