பெல்ட் போட்ட எஞ்சின்

1

இந்தக் கதை ஒரு சிக்னலில் கிடைத்தது. மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். நான் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு நிறம். இரண்டே பேருக்குத்தான் இடம். மேற்கூரையை மடக்கி வைத்திருந்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தது நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். பக்கத்து இருக்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின், பழைய போர்வை சுற்றி, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்து, "இன்னும் ரெண்டே சிக்னல்தான், ஆடாம வா" என்றாள். பச்சை விழுந்தது. போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கைச்சரக்கு.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

"காலை ஒன்பது மணிக்கு அவள் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொலை செய்யத் தொடங்கி—" (கொஞ்சம் அதிகம்.)

"வேகம் என்பது மனிதனின் ஆதி—" (இதை யார் கேட்டார்கள்?)

"அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு வண்டி நின்றது." (பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.)

அக்காவுக்குச் சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை. (முதலில் அவளை ஆசிரியை ஆக்கியிருந்தேன். எதற்கெடுத்தாலும் அறிவுரை சொல்ல ஆரம்பித்ததால் வேலையை மாற்றிவிட்டேன்.) பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும், வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று வாங்கினாள். பழைய கார்தான், ஆனால் ஸ்போர்ட்ஸ் கார். குடும்பத்தில் அதற்கு 'சோப்பு டப்பா' என்று பெயர்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு வேன் அவன் வண்டியில் மோதியது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை. எலும்பு கூடிவிட்டது, மூட்டுதான் பாதிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது. தினமும் வலிக்க வலிக்க மடக்கி நீட்டினால் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை மூன்றாம் வாரமே வேண்டாமென்று அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து அக்கா வீட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான்.

"என் வண்டியைக் கொண்டு வாக்கா. ஒரு ரவுண்டு போனா எல்லாம் சரியாயிடும்."

இடது கால்தான் கியர் மாற்றுகிற கால். கொண்டுவந்தால் அன்றைக்கே ஏறிவிடுவான், அடுத்த தெருவிலேயே விழுவான். கொண்டுவராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். அவள் பல நாள் தூக்கமில்லாமல் யோசித்துவிட்டு, "சனிக்கிழமை கொண்டு வரேன்" என்றாள். தம்பியிடம் அவள் பொய் சொன்னதே கிடையாது.

3

வண்டி, தம்பியின் பள்ளித் தோழனான பைக் மெக்கானிக் ஒருவனின் பட்டறையில் நின்றது. அடிபட்ட வண்டியை அவன்தான் பழுது பார்த்துப் புதுசு போல ஆக்கியிருந்தான்.

"லாரி எங்கக்கா?"

"இதுதான்."

மெக்கானிக் சோப்பு டப்பாவை ஒருமுறை சுற்றிவந்தான். "இதுல ஹெல்மெட் வைக்கவே எடம் பத்தாதே."

"கழட்டுப்பா. முழுசா."

"முழுசான்னா?"

"இதுக்கு மேல கழட்ட ஒண்ணுமில்லன்னு ஆகற வரைக்கும்."

மூன்று நடை ஆயிற்று. முதல் நடையில் சக்கரங்கள், டேங்க், சீட். இரண்டாவதில் வண்டியின் வெறும் இரும்புச் சட்டம் மட்டும், திறந்த கூரைக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு. கடைசியில் எஞ்சின். அதை இருக்கையில் இறக்கியதும், ஆள்தான் ஏறிவிட்டதென்று நினைத்துக்கொண்டு கார் 'டிங் டிங்' என்று கத்தத் தொடங்கியது. பெல்ட்டை மாட்டிய பிறகே வாயை மூடியது. பக்கத்தில் இடமில்லாததால் மெக்கானிக் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தான்.

நட்டு, போல்ட்டெல்லாம் கடையிலிருந்து கொண்டுவந்த மூக்குக் கண்ணாடிக் கூடுகளில். அரிசியை விடச் சின்ன திருகாணிகளோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவள் அவள். ஒவ்வொரு கூட்டின் மேலும் எந்த இடத்துப் போல்ட், எத்தனை என்று சீட்டு எழுதி ஒட்டினாள்.

"போல்ட்டுக்கெல்லாம் பவர் எழுதிட்டீங்களாக்கா?" என்று சிரித்தான் மெக்கானிக். அவள் சிரிக்கவில்லை.

4

இதுவரை எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்த வண்டி ஓடுதா?"

"ஓடுது. ரிப்பேர்தான் முடிஞ்சுதே."

"அப்ப மெக்கானிக்கே ஓட்டிட்டு வந்து விட்டுட்டுப் போலாமே? எதுக்குக் கழட்டணும்?"

இப்படி ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு மூன்று பகுதி எழுதியிருக்கிறேன்! உடனே ஒட்டுப்போட உட்கார்ந்தேன். பெட்ரோல் இல்லை என்று வைத்தால், எதிரிலேயே பங்க் இருக்கும். மழை என்று வைத்தால், கூரை திறந்த கார் நனைந்துவிடும். மெக்கானிக்குக் கை உடைந்— (வேண்டாம், ஒரு கதைக்கு ஒரு முறிவு போதும்.)

இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள் மறுபடி படித்தபோது "கழட்டுப்பா. முழுசா" என்ற இடத்தில் நின்றேன். என்னிடம் அவள் அதைச் சொல்லித்தான் இருக்கிறாள். காரில் ஏறாது என்பதற்காகக் கழற்றவில்லை. கழற்ற ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காரையே எடுத்துவந்தாள். எழுதிய எனக்கு இது தெரியாமல் போனதில் வெட்கம்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

5

கூடத்துத் தரையில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பரப்பினார்கள். நடுவில் எஞ்சின். அதை இறக்கிய சத்தம் கேட்டு, ஊன்றுகோலோடு தம்பி வெளியே வந்தான். மெக்கானிக் மெல்ல நழுவிவிட்டான்.

"என்னக்கா இது?"

"உன் வண்டி."

"அவனே ஓட்டிட்டு வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம்."

தம்பியின் கண் தரையில் சாமான் சாமானாக நகர்ந்தது. கழற்றிப் போட்ட எதையும் பார்த்தமாத்திரத்தில் கணக்குப் போடத் தெரிந்தவன்.

"இந்தக் காலோட இதை மாட்டி முடிக்க ரெண்டு மாசம் ஆகும்."

"டாக்டரும் ரெண்டு மாசம்தான் சொன்னாரு."

"ஏமாத்திட்டேல்ல?"

"ஆமாடா." கண்ணாடிக் கூடுகளை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆனா ஒரு போல்ட் குறையாது. எண்ணிக்கோ."

"தரையில வச்சிருக்கே. நான் எப்படி உட்காருவேன்?"

அதற்குத்தான் தரையில் வைத்திருக்கிறாள். இனி இவன் தன்னோடு பேசவே மாட்டானோ என்று பயந்தாள். அவளுக்கென்று இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவன்.

6

முடிவு ஒன்று: அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். (எழுதிப் பார்த்தேன். அக்காவைத் தனியாக அந்தக் கூடத்தில் விட்டுவர மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: அவன் சட்டென்று குந்தி உட்காருகிறான், இருவரும் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். ("முட்டி என்ன கதவுக் கீலா, கதை முடியுதுன்னதும் மடங்க?" என்று கேட்டாள் மனைவி.)

முடிவு மூன்று: அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டியின் சட்டத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு மெல்ல இறங்குகிறான். அக்கா தாங்கிக்கொள்ளக் கையை நீட்டுகிறாள். "பிடிக்காதேக்கா" என்கிறான். அவள் பிடிக்கவில்லை, கையை எடுக்கவுமில்லை. மூட்டு பாதி வரை மடங்கிவிட்டது. நெற்றியில் வியர்வை. இனிமேல்தான் வலிக்கிற இடம். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம்

இங்கே நான் பேனாவை வைக்கிறேன். எனக்கு முழங்கால் இரண்டும் நன்றாக மடங்கும். இவன் எதுவரை இறங்குவான் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உங்களில் யாராவது இப்படி வலியோடு இறங்கியிருப்பீர்கள், இல்லையென்றால் இறங்குகிறவர் பக்கத்தில் தொடக்கூடாமல் நின்றிருப்பீர்கள். நீங்கள் முடியுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் தேவலை. அக்கா இன்னும் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.