ஒரு காய்ந்த துணி

ஈப்போவில் குளிர்காலமே கிடையாது என்று கப்பலேற்றும்போது கங்காணி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஆள் பிடிக்கிறவன் வாய்க்கு எவன் பூட்டுப் போடுவது? தீபாவளி கழிந்தால் மழை வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஜாடியில் உப்பு தண்ணீராய் நிற்கும். தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிரும். அந்த ஊர்க் குளிர் துணிவழியாக உடம்புக்குள் வரும். பத்து நாள் காயாத துணியை உடுத்திப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை புரியும்.

கிந்தா ஆற்றங்கரையில் அத்தாப்பு ஓலையில் குடிசை போட்டுத் துணி வெளுத்துக்கொண்டிருந்த சன்னாசிக்கு அது பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து மழை அவனையே மிரட்டியது. வீடு முழுக்கக் கொடி கட்டி, கொடி முழுக்கத் துணி. குனிந்துதான் நடக்க வேண்டும். ஒன்றாவது காயவேண்டுமே.

அந்த வீட்டில்தான் அவன் மனைவி மங்களம் எட்டாம் மாதத்திலேயே ஒரு பெண்பிள்ளையைப் பெற்றுப் போட்டாள். இரண்டு கைக்குள் அடங்கிவிடும் பிள்ளை.

"ஈரம் பட்டா இது தாங்காது. காஞ்ச துணியில சுத்தியே வச்சிருங்க" என்றாள் பிரசவம் பார்த்த கருப்பம்மாள். "உங்க வூட்டுல துணிக்கா பஞ்சம்?"

காய்ந்த துணி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாதா கோயிலில் பூசைப் பீடத்தின் மேல் விரிக்கிற பீடத்துணி. கிறிஸ்துமஸுக்கு வேண்டும் என்று உபதேசியார் கஸ்பார் கொடுத்தது. நாளைக்கு எப்படியும் வெயில் வரும் என்று நம்பி, கூடையில் மிச்சமிருந்த கரியையெல்லாம் இஸ்திரிப் பெட்டியில் போட்டு அதைத் தேய்த்து உலர்த்தியிருந்தான். வெயில் வரவில்லை. கரி கொண்டுவருகிற சீனனும் வரவில்லை. பிள்ளைக்கு ஒன்பது நாள். கால் விரல்கள் சில்லிட்டு, நகங்கள் நீலம் பாரித்துக்கொண்டிருந்தன.

பீடத்துணியை எடுக்கலாமா என்று மங்களம் கேட்கவில்லை. அவன் குணம் அவளுக்குத் தெரியும். மற்ற சலவைக்காரர்கள் ஊரார் வேட்டியை வாடகைக்கு விட்டபோதும், அடுத்தவன் துணியில் ஈரக்கையைக்கூடத் துடைக்காதவன் அவன். அதிலும் பதினாறு நாள் கழியாத பிரசவத் தீட்டு. கோயில் துணி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடிந்ததும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. சிம்பாங் பூலாய்ப் பக்கத் தோட்டத்தில் மங்களத்தின் அண்ணன் உடையப்பன் புகைவீட்டில் நெருப்புப் போடுகிறவன். ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டு உலர்த்துகிற அந்தக் கொட்டகையில் எந்த மழைக்கும் அனல் குறையாது. பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு சன்னாசி நடந்தான்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க, மச்சான்? குடுங்க" என்று உடையப்பன் துணிகளைத் தகடுகளுக்கு நடுவே தொங்கவிட்டான். ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. சன்னாசி அவற்றை மழை இறங்காத எண்ணெய்ச் சீலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினான். வழியெல்லாம் அந்தச் சூடு அவன் மேல் இருந்தது. ஏதோ ராஜ்யத்தையே பிடித்துவிட்டவன் போல் வீட்டுக்குள் நுழைந்தான்.

மங்களம் பிள்ளையை அதில் சுற்றினாள். பிள்ளை ஒருமுறை தும்மியது. பிறகு இருமத் தொடங்கியது. இருமல் நிற்கவில்லை, முகம் கறுத்தது. அவள் துணியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். ரப்பரையே பழுப்பாக்குகிற புகை, நூலிழை தோறும் ஏறியிருந்தது. அலசினால் புகை போகும், ஈரம் வரும். துணியின் சங்கதியெல்லாம் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று சன்னாசி தலையில் அடித்துக்கொண்டான்.

மங்களம் எழுந்து பரணிலிருந்து பீடத்துணியை எடுத்தாள்.

"அடியே, அது கோயில் துணி."

"அவங்க சாமியும் நாளைக்குப் பச்சப்புள்ளயாத்தானே பொறக்குது."

அவன் கை நீட்டித் தடுக்கவில்லை. சற்று நேரத்தில் பிள்ளையின் உதட்டில் சிவப்பு வந்தது. அப்படியே தூங்கிப்போனது. அந்த ஒன்பது நாளில் சன்னாசி நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான்.

நாலு மணிக்கு உபதேசியார் கஸ்பார் வந்தார். குடை காற்றில் முறிந்திருந்தது, கோட்டெல்லாம் தெப்பம். வாசலில் நின்றபடியே பார்த்தார். வெள்ளைத் துணி, ஓரத்தில் சிலுவைப் பூவேலை, நடுவில் சின்னத் தலை.

"எத்தன நாளு?" என்றார்.

"ஒம்போதுங்க."

கஸ்பார் உட்காரவில்லை. "வேற இருந்தா நான் கேக்க மாட்டேன், சன்னாசி. பழசக் கறையான் தின்னுருச்சு. சாமியாரு காத்துக்கிட்டு இருக்காரு." பிறகு அவரே, "கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார். வாசலிலேயே நின்றார். மழை குறைவதாக இல்லை. தூரத்தில் கோயில் மணி அடித்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

யாரும் கொடு என்று சொல்லவில்லை. சன்னாசியின் கைகள்தான் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் எழுந்தன. பிள்ளையை மங்களத்தின் மடிக்கு மாற்றி, துணியை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, எண்ணெய்ச் சீலையில் சுற்றி நீட்டின. மங்களம் அந்தக் கைகளையே பார்த்தாள். அழக்கூட இல்லை.

கஸ்பார் வாங்கிக்கொண்டார். சட்டென்று தன் கோட்டைக் கழற்றினார். "இதப் புள்ளைக்கு..." என்று நீட்டியவர் நிறுத்திக்கொண்டார். சன்னாசி வாங்கிய கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. திருப்பி வாங்கிக்கொள்ளவும் கூசி, அதைச் சன்னாசியின் கையிலேயே விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

"அது காயுமா?" என்று மங்களம் கேட்டாள். ரவிக்கையை அவிழ்த்துப் பிள்ளையை நெஞ்சோடு அழுத்தி வைத்திருந்தாள். அவள் புடவையும் ஈரம்தான்.

"காயும்" என்றான் சன்னாசி. கோட்டைப் பிழிந்தான். கொடியில் இடமில்லை. ஈரத் துணிகளை ஒதுக்கி, அதையும் அவற்றோடு போட்டான்.