நாலு ஊசிக் கீறல்

பட்டறையில் அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் மீட்டர் இல்லாமல் அவளைப் பார்த்தவர் இல்லை. சாப்பாட்டு டப்பாவைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் திறப்பாள் என்று கேலி வேறு. பூச்சு போட்டு வெளியே வரும் ஒவ்வொரு கண்ணாடியின் மின்தடையையும் அளந்து, தேறும், தேறாது என்று சொல்வது அவள் வேலை. பூச்சு போடுவது அவளுடைய சொந்த அண்ணி. அண்ணி பூச, நாத்தனார் குறை சொல்ல, அதற்குச் சம்பளமும் கொடுக்கும் இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

"அண்ணி, வலது மூலையில எண் கொஞ்சம் ஏறுது. தூங்கிட்டீங்களா?"

"வீட்ல உங்க அண்ணன் குறட்டை. இங்கதானேம்மா தூங்கணும்."

வெளியே இப்படி. உள்ளுக்குள் மீட்டருக்கு அண்ணியின் கைமேல் ஒரே பிரமிப்பு. அதைச் சொன்னால் தன் கெத்து போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பிரமிக்காமல் என்ன செய்வது? கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தும் உலோகத்தின் வழியே அந்தப் பக்கம் தெரியாது. கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், கம்பியாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டால் யாரும் அடிக்கத்தான் வருவார்கள். அண்ணி அதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தாள். காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுப் பெட்டிக்குள் இண்டியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் கலந்த ஒரு தட்டு இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் உள்ளே ஊதா ஒளி பரவும். தட்டிலிருந்து துகள்கள் தெறித்துக் கண்ணாடியில் போய் ஒட்டும். ஒரு தலைமுடியை நூறாகப் பிளந்தாலும் அதில் ஒரு இழையைவிட மெல்லிய பூச்சு அது. கூடவே ஆக்சிஜன் கொஞ்சம் விட வேண்டும். கூடிப்போனால் பூச்சு பளிங்காக இருக்கும், மின்சாரம் போகாது. குறைந்துபோனால் மின்சாரம் போகும், கண்ணாடி பழுப்பாகிவிடும். அண்ணி சின்ன ஜன்னல் வழியாக அந்த ஊதாவையே பார்த்துக்கொண்டு, ஆக்சிஜன் திருகைத் திருப்புகிறாளா இல்லையா என்றே தெரியாதபடி திருப்புவாள். அப்போது அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், மீட்டர் உட்பட.

அன்றைக்கு மேஜைமேல் கிடந்தது அண்ணனின் படகுக்கான கண்ணாடி. அண்ணன் ஆற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றும் படகை ஓட்டுபவர். குளிர்காலக் காலைகளில் அவருக்கு முன்னாலிருக்கும் கண்ணாடி பாலாய் வெளுத்துவிடும். ஒரு கை சுக்கானில், ஒரு கை துணியில். துடைக்கத் துடைக்க மூடிக்கொள்ளும். போன வாரம் படகுத்துறையின் தூண் ஒன்று கண்ணெதிரில் இருந்தும் தெரியாமல், படகு அதில் உரசி, ஏறியிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பூச்சு போட்டு, இடது வலது இரண்டு ஓரத்திலும் வெள்ளிப் பட்டை வைத்து மின்சாரம் கொடுத்தால் கண்ணாடி வெதுவெதுப்பாகும், பனி பிடிக்காது. இந்த ஒரு கண்ணாடிக்குத்தான் பெட்டியில் சரக்கு மிச்சம் இருந்தது. தட்டு தேய்ந்து ஓட்டை விழும் நிலை. புதுத் தட்டு வரக் குளிர்காலமே முடிந்துவிடும்.

மீட்டர் கையுறை போட்டுக்கொண்டு, நாலு ஊசி வரிசையாக இருக்கும் அளவுமுனையைக் கண்ணாடியில் வைத்தாள். வைக்க வேண்டும், படிக்க வேண்டும், தூக்க வேண்டும், அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் வார்த்தையே அதுதான். எண்கள் ஒன்றுபோல வந்தன. மூலைக்கு மூலை, நடுவுக்கு நடு, எங்கேயும் ஏற்றத்தாழ்வு இல்லை. இப்படி ஒரு பூச்சை அவள் அளந்ததே இல்லை.

"அண்ணி, இன்னைக்கு முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க போல!" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

உடம்பு திரும்பியது. கை கண்ணாடியில் இருந்தது. ஊசிகள் ஒரு சாண் தூரம் கீழே வழுக்கின.

பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள், அப்போதும் தெரியவில்லை. அந்த இடத்துக்குக் குறுக்கே அளந்தாள். எண் எகிறியது. பூச்சு கிழிந்திருக்கிறது. மின்சாரம் அந்தக் கீறலைத் தாண்ட முடியாமல் இரண்டு நுனியையும் சுற்றிக்கொண்டு ஓடும், நுனி மட்டும் கொதிக்கும், குளிரில் ஒருநாள் கண்ணாடி பட்டென்று வெடிக்கும். அண்ணனின் முகத்துக்கு நேராக.

அண்ணி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பூச்சிலேயே கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருஷமாக ஓரத்துக்கு ஓரம் குறை சொன்ன வாய்க்கு அது பெரிய காரியமா? அந்த நினைப்பு வந்ததே மீட்டருக்கு அருவருப்பாக இருந்தது. வாழ்நாளில் ஒருமுறை அமையும் பூச்சை அண்ணி போட்டிருக்கிறாள், அதைக் கெடுத்தது தன் கை.

"அண்ணி... நான் கீறிட்டேன். ஊசிய இழுத்துட்டேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். அண்ணி துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "எந்தப் பக்கமா இழுத்தே?" என்று கேட்டாள்.

"என்ன?"

"குறுக்கவா, நெடுக்கவா?"

"மேலயிருந்து கீழ. நேரா."

"கோணல் இல்லையே?"

மீட்டர் கோட்டின் இரண்டு பக்கமும் மறுபடி அளந்தாள். இந்த முறை முனையைத் தூக்கித் தூக்கித்தான் வைத்தாள். கோணல் இல்லை. நூல் பிடித்த மாதிரி நேர்.

"வாய்க்கால்ல ஒரு பலகைய குறுக்க போட்டா தண்ணி முட்டிக்கிட்டு ஓரத்துல பாயும்" என்றாள் அண்ணி. "அதையே நீளவாக்குல போடு. தண்ணிக்கு என்ன? ரெண்டு பக்கமும் அதுபாட்டுக்குப் போகும். பட்டைய இடமும் வலமும் வைக்காம மேலயும் கீழயும் வச்சிட்டா?"

மின்சாரம் மேலிருந்து கீழே போகும். கீறலோடு கீறலாக, அதை முட்டாமலே. மீட்டருக்கு மூச்சு திரும்பி வந்தது. உடனே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. பட்டைகளுக்கு நடுவே தூரமும் அகலமும் மாறினால் மின்தடையின் ஓம் கணக்கு மாறும், படகிலிருந்து வரும் மின்சாரத்துக்குச் சூடு ஏறாமல் போகலாம், இல்லை ஏறித் தொலைக்கலாம். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். அகலத்தை அளந்தாள், உயரத்தை அளந்தாள், நம்பாமல் இரண்டையும் திரும்ப அளந்தாள்.

"சதுரம் அண்ணி! சரியான சதுரம்! எந்தப் பக்கம் போனாலும் அதே ஓம்தான்!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அண்ணி அவள் தோளைப் பிடித்துக் கண்ணாடியிலிருந்து தள்ளி நிறுத்தினாள். "அழறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழு. பூச்சுமேல சொட்டிடப்போகுது."

"நீங்க பெரிய ஆளு அண்ணி" என்றாள் மீட்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எப்பவுமே. நான்தான் சொன்னதில்ல."

"இதுக்கு ஒரு கண்ணாடி கீற வேண்டியிருந்துதா?"

அண்ணி வெள்ளிப் பட்டைகளை மேலும் கீழும் வைத்து, பூச்சுப் பக்கத்தை இன்னொரு கண்ணாடியோடு ஒட்டி மூடினாள். மறுவாரம் படகில் பொருத்தும்போது அண்ணன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"சட்டத்துல வயருக்கு ஓட்டைய ரெண்டு பக்கத்துலயும்ல போட்டு வச்சிருக்கேன்? இது என்ன மேலயும் கீழயும்?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் மீட்டர் முந்திக்கொண்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், கோணல் இல்லை என்று அளந்ததையும், சதுரக் கணக்கையும். அண்ணன் குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆறுதான். உரசிய தூண் அங்கேதான் நின்றது.

"இதை நம்பி நான் ஜனங்கள ஏத்தலாமா?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே கேட்டார்.

"முதல்ல என்னை ஏத்துண்ணா. வெறும் படகா ஒரு தடவை போய்ட்டு வரலாம். நான் அந்தக் கீறலுக்கு நேரா நிக்கறேன்."

"ரெண்டு பேரா நிக்கறோம்" என்று அண்ணியும் ஏறினாள்.

காலைப் பனி ஆற்றின்மேல் கனமாகக் கிடந்தது. அண்ணன் பொத்தானைத் தட்டினார். வெளுத்திருந்த கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஓரமென்றும் நடுவென்றும் இல்லை, கோடென்றோ திட்டென்றோ எதுவும் இல்லை, முழுக்க ஒன்றுபோல விலகியது. தூண்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வந்தன. அண்ணன் துணியைத் தேடவில்லை. இரண்டு கையும் சுக்கானில் இருந்தன.

மீட்டருக்கு மனசு கேட்கவில்லை. நடு ஆற்றில், கீறல் இருந்த இடத்தில் உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்தாள். கொதிப்பு இல்லை. பக்கத்தில் இருந்த அதே வெதுவெதுப்புதான் அங்கேயும். கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"அளந்தது போதும், கைய எடு" என்றாள் அண்ணி. "உங்க அண்ணனுக்கு ஆறு தெரியணும்."