பூஜ்யம் வந்த கணக்கு

கணக்கு சரியாக வந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. இவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. வருஷம் முழுக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அவ்வளவையும் அந்தக் கட்டடமே வெயிலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கழித்துப் பார்த்தால் பூஜ்யம். கட்டுகிறவர் ஊரெல்லாம் பலகை வைத்துத் தம்பட்டம் அடித்துவிட்டார். வரைபடம் போட்டவள் இவள். நாளைக்குக் கணக்குக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவளும் இவள்தான். பொய்யாகிப் போனால் இவள் பெயர் நாறிவிடும்.

மாடி ஏற ஏற வீடுகள் பெருகும். சூரியத் தகடு பதிக்கிற மொட்டைமாடி மட்டும் பெருகாது. ஜன்னலுக்கெல்லாம் நிழல் கொடுத்தாள், வெயில் விழுகிற சுவர்களிலும் தகடு ஒட்டினாள். ம்ஹூம். மாதக்கணக்கில் செலவுதான் கூடுதலாக வந்து இடித்துக்கொண்டே இருந்தது. இப்போது திடீரென்று பூஜ்யம். கணக்குப் போட்டது வேறு யாருமில்லை, இவள் புருஷன். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘கால்குலேட்டர்’.

“எப்படிங்க வந்துச்சு?”

“வந்துடுச்சுல்ல, விடேன்.”

அந்த ‘விடேன்’தான் உறுத்தியது. ஒரு புள்ளி பிசகினாலே அரைநாள் விளக்கம் சொல்கிற மனுஷன், இன்று திரையிலிருந்து முகத்தையே எடுக்கவில்லை. போன வாரம் கட்டுகிறவர் இவரைத் தனியாகக் காபி குடிக்கக் கூட்டிப்போனதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய கணினியில் உட்கார்ந்தாள். புருஷனை வேவு பார்க்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். கணக்கில் லிஃப்ட் இருந்தது. தண்ணீர் மோட்டார் இருந்தது. படிக்கட்டு விளக்குகூட விடுபடவில்லை. பிறகுதான் வீட்டுச் செலவுப் பட்டியலைத் திறந்தாள். எந்த வீட்டிலும் பகலில் ஆளில்லை. மின் அடுப்பு காலையில் ஒரு தடவை, காபிக்கு மட்டும். ராத்திரி இரண்டு அறையில் இரண்டு விளக்கு. அவ்வளவுதான்.

திரும்பி வந்தவரைப் பிடித்துக்கொண்டாள். “இதுல என்ன பேயா குடியிருக்கு? யார் சொல்லி இப்படி அடிச்சுவிட்டீங்க?”

“அடிச்சுவிடல. வருஷம் முழுக்க மீட்டர் மாட்டி அளந்தேன்.” குரல் இறங்கிவிட்டது. “நம்ம வீட்டுல.”

திருட்டுத்தனம் செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள்.

“சொன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல,” என்றார். “ஒரே ஒரு நாள் மட்டும் தாறுமாறா எகிறியிருந்துச்சு. மீட்டர் கோளாறுன்னு அதைத் தூக்கிட்டேன்.”

“என்னைக்கு?”

தேதியைக் காட்டினார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கிய நாள். அடுப்பு அணையவே இல்லை. போட்ட விளக்கை யாரும் நிறுத்தவில்லை. அன்றைக்கு இந்த மனுஷன்கூட வாய்விட்டுச் சிரித்தார்.

“கோளாறு இல்லைங்க. எங்க அக்கா வந்த நாள்.” “அந்த நாளையே எல்லா வீட்டுக்கும் போடுங்க.”

“பூஜ்யம் வராதே.”

“வராட்டி போகட்டும். நான் கையெழுத்துப் போடமாட்டேன். இன்னும் எதை மாத்தலாம்னு மொதல்லேருந்து பாக்கறேன்.”

அவர் மாற்றிப் போட்டார். திரையில் செலவுக் கோடு, தகடுகள் தருகிற அளவைத் தாண்டி எங்கேயோ போயிற்று. இவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஒரு நாள் அளவை நம்ப முடியாது. உங்க அக்காவை இன்னும் கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொல்றியா?”