ழகரத்துக்கு ஓராண்டு

என் மனைவியின் பெயரில் இருந்த ழகரத்தைப் பள்ளிக்கூட எழுத்தர் ஒருவர் ளகரமாக்கிவிட்டார். அன்றிலிருந்து ஊரே அவளை அந்தத் தப்பால்தான் கூப்பிடுகிறது, நானும்தான். அதனால் எங்கள் மகளுக்கு ழகரத்தோடு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தவள், சான்றிதழில் அது சரியாக அச்சாகி வரும்வரை வாயால் சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அதுவரை குழந்தை வெறும் பாப்பா.

நகராட்சியில் கொடுத்த தாளின் தலைப்பே 'பிறப்புச் சான்றித' என்று இருந்தது. மகளின் பெயர் நடுவிலே பல் விழுந்து கிடந்தது.

"கம்ப்யூட்டர்ல அடிக்கிற எழுத்து கம்பெனியோடதுங்க," என்றார் கண்காணிப்பாளர். "லைசென்ஸ் முடிஞ்சிருச்சு. மத்த எழுத்தெல்லாம் சாதா பேக்கேஜ், ழ மட்டும் பிரீமியம்."

"பணத்தக் கட்டிரலாமே."

"கட்டத்தான் பாக்கறோம். ஏழு லட்சம். செக்ல தொகைய எழுத்தால அடிக்கணும். 'ஏ லட்சம்'னு வருது. பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

"கையால எழுதிக் குடுங்களேன்."

"கையால எழுதினா செல்லாதுன்னு நாங்கதான உத்தரவு போட்டோம்."

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் தலை நிமிராமல் சொன்னாள். "ஓப்பன் சோர்ஸ்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு சார். காசு கிடையாது. ழ-வும் இருக்கு." சொன்னதோடு நிற்காமல் ஒரு சான்றிதழ் அடித்தும் கொடுத்தாள். பெயர் முழுதாக இருந்தது. கையெழுத்துக்காகக் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன்.

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "இது யாரோடது?"

"எல்லாரோடதும் சார்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரப் போய்த் திட்டறது? கம்பெனின்னா திட்டறதுக்கு ஒரு நம்பர் இருக்கு."

"அந்த நம்பர யாரும் எடுக்கறதில்லையே சார்."

"எடுக்கலன்னாலும் நம்பர் இருக்குல்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. கையெழுத்து இல்லாத அந்தத் தாளை என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையைப் புரட்டியிருப்பேன். மகள் பெயர் அவர் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் கம்பெனியே பெரிய மனது பண்ணியது. ஏழு என்று அடிக்க முடியாத உங்கள் சிரமம் புரிகிறது என்று சொல்லி, தொகையை எட்டு லட்சமாக ஆக்கிக் கொடுத்தது. கண்காணிப்பாளர் நெகிழ்ந்துபோய் நன்றிக் கடிதம் அனுப்பினார். ழகரம் திரும்பி வந்தது.

சான்றிதழை மனைவியிடம் நீட்டினேன். பெயரை விரலால் தடவினாள். விரல் அப்படியே இறங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியில் நின்றது: 'இதிலுள்ள ழகரம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.'

அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"அவங்களக் கேட்டுட்டா எம் பொண்ணக் கூப்பிடணும்?" என்றாள்.

தாளை என் கையில் திணித்துவிட்டுத் தொட்டிலருகே போய், நாக்கை நன்றாக மடித்து, தெருவுக்கே கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னாள். மகள் சட்டென்று திரும்பினாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் மனைவியை அவள் பெயரால், ழகரத்தோடு, கூப்பிட்டேன். அவள் திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.